பாகவதர் கேஸ் முதல் வெண்மணி வரை... ஜூரி எங்கே போச்சு? அரசு வக்கீல் யாருக்கு வக்கீல்?

தஞ்சாவூர்:

பெரிய வழக்கு ஒன்றில் தீர்ப்பு வந்தால் போதும். டீக்கடை பெஞ்சில் அன்றைக்கே இன்னொரு கோர்ட்டு கூடிவிடும். "ஊருக்கே தெரியும் யார் செஞ்சான்னு. கோர்ட்டுக்கு மட்டும் எப்படித் தெரியாம போச்சு?" என்பார் ஒருவர். "அரசு வக்கீல் சரியா வாதாடலை" என்பார் இன்னொருவர். "அமெரிக்காவுல மாதிரி பொதுமக்களே உட்கார்ந்து தீர்ப்பு சொல்லணும். அப்பத்தான் சரிப்படும்" என்று மூன்றாவது ஆள் முடித்து வைப்பார்.

அந்த மூன்றாவது ஆளுக்குப் பலருக்கும் தெரியாத ஒரு சங்கதி இருக்கிறது. பொதுமக்கள் உட்கார்ந்து தீர்ப்பு சொல்லும் முறை நம்ம ஊரிலும் இருந்தது. அதற்குப் பெயர் ஜூரி. அந்த ஜூரியிடம் சிக்கி வாழ்க்கையைத் தொலைத்தவர்களில் முக்கியமானவர் நம்ம மாயவரத்தில் பிறந்தவர்தான்.

ஒரே ஒரு ஓட்டு!

எம்.கே.தியாகராஜ பாகவதர். 1910-ம் ஆண்டு, அன்றைய தஞ்சை மாவட்டத்தில் இருந்த மாயவரத்தில் பிறந்தவர். 1944 தீபாவளிக்கு வந்த அவருடைய 'ஹரிதாஸ்' படம் சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. படம் ஓடிக்கொண்டே இருந்தது. ஆனால் ஹீரோ ஜெயிலில் இருந்தார்.

காரணம், லட்சுமிகாந்தன் கொலை வழக்கு. 'இந்து நேசன்' என்ற பத்திரிகை நடத்தி, சினிமாக்காரர்களின் அந்தரங்கத்தை அவிழ்த்துவிட்டு வந்தவர் லட்சுமிகாந்தன். 1944-ம் ஆண்டு நவம்பர் 8-ந்தேதி சென்னை வேப்பேரியில் ரிக்‌ஷாவில் போனபோது அவருக்குக் கத்திக்குத்து விழுந்தது. மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். கொலைக்குச் சதி செய்ததாக பாகவதர், கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன், கோவை பட அதிபர் ஸ்ரீராமுலு நாயுடு உள்பட பலர் கைதானார்கள்.

சென்னை ஐகோர்ட்டில் 9 ஜூரிகள் முன்னிலையில் வழக்கு நடந்தது. ஸ்ரீராமுலு நாயுடு விடுதலை ஆனார். பாகவதரும் கலைவாணரும் குற்றவாளிகள் என்று ஜூரிகள் சொன்னார்கள். 9 பேரும் ஒரே குரலில் சொல்லவில்லை. 6 பேர் 'குற்றவாளி' என்றனர். 3 பேர் 'இல்லை' என்றனர்.

அன்றைய சட்டப்படி ஐகோர்ட்டில் குறைந்தது 6 ஜூரிகள் ஒத்துப்போக வேண்டும். நீதிபதியும் அதை ஏற்க வேண்டும். அதாவது, பாகவதருக்கு எதிராக விழுந்தது சரியாக வேண்டிய அளவு ஓட்டுதான். ஒரே ஒருவர் மாறியிருந்தால் அந்தத் தீர்ப்பே நின்றிருக்காது. ஜூரியைக் கலைத்துவிட வேண்டியதுதான். இதே காலத்தில் இங்கிலாந்தில் ஜூரிகள் எல்லாரும் ஒத்துச்சொன்னால்தான் தண்டனை. வெள்ளைக்காரன் தன் நாட்டில் ஒரு கணக்கும், நம்ம நாட்டில் வேறு கணக்கும் வைத்திருந்தான்.

1945-ம் ஆண்டு மே மாதம் நீதிபதி மாக்கெட் ஆயுள் தண்டனை விதித்தார். ஐகோர்ட்டு அப்பீலும் தள்ளுபடி ஆனது. கடைசியில் லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் வரை வழக்கு போனது. 'அப்பீலை மறுபடி விசாரியுங்கள்' என்று பிரிவி கவுன்சில் திருப்பி அனுப்பியது. 1947-ம் ஆண்டு ஏப்ரலில் இருவரும் விடுதலை ஆனார்கள்.

இரண்டு வருடத்துக்கு மேல் ஜெயில். வெளியே வந்த கலைவாணர் மறுபடி எழுந்து நின்றார். பாகவதரால் முடியவில்லை. எடுத்த படங்கள் பழையபடி ஓடவில்லை. 1959-ம் ஆண்டு நவம்பர் 1-ந்தேதி, 50 வயதுகூட நிறையாமல் காலமானார்.

இந்த வழக்கில் அரசுத் தரப்பின் முக்கிய பலம், அப்ரூவராக மாறியவரின் சாட்சி. 'கூட்டாளியே காட்டிக்கொடுக்கிறான்' என்றால் கேட்பவர்களுக்கு நம்பத் தோன்றும். ஆனால் தான் தப்பிக்க அவன் என்ன வேண்டுமானாலும் சொல்லலாமே? அதனால்தான் அப்ரூவர் சொல்லை மட்டும் வைத்துத் தண்டிக்காமல், அதற்கு வேறு ஆதாரம் தேட வேண்டும் என்பது கோர்ட்டுகள் கடைப்பிடிக்கும் வழக்கம். சட்டம் படித்தவருக்கு இது பாலபாடம். ஊருக்குள் இருந்து வந்து உட்கார்ந்த ஜூரிக்கு?

நானாவதி போட்ட முடிச்சு

ஜூரிக்கு மூடுவிழா நடத்தியது நானாவதி கேஸ்தான் என்று பலரும் சொல்வார்கள். அதில் பாதிதான் உண்மை.

1959-ம் ஆண்டு ஏப்ரலில் பம்பாயில் கடற்படை கமாண்டர் நானாவதி, தன் மனைவியோடு தொடர்பு வைத்திருந்த பிரேம் அகுஜாவைச் சுட்டுக்கொன்றார். போலீசில் தானே போய்ச் சரண் அடைந்தார். 'பிளிட்ஸ்' பத்திரிகை அவருக்கு ஆதரவாக வரிந்துகட்டி எழுதியது. கோர்ட்டு வாசலில் கூட்டம் அலைமோதியது. ஜூரிகள் 8-க்கு 1 என்ற கணக்கில் 'குற்றவாளி இல்லை' என்றார்கள்.

செசன்சு நீதிபதி இதை ஏற்காமல் ஐகோர்ட்டுக்கு அனுப்பினார். ஐகோர்ட்டு ஆயுள் தண்டனை கொடுத்தது. 1961-ம் ஆண்டு நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. பிறகு 1964-ல் கவர்னர் மன்னிப்பு கொடுக்க, நானாவதி வெளியே வந்தார்.

ஆனால் ஜூரி முறையை எடுத்துவிடலாம் என்று சட்ட கமிஷன் 1958-லேயே, அதாவது நானாவதி துப்பாக்கி எடுப்பதற்கு முன்பே சொல்லிவிட்டது. சில மாநிலங்களில் அதற்குப் பிறகும் ஜூரி கொஞ்ச காலம் ஓடியது. 1973-ல் இயற்றி, 1974-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந்தேதி அமலுக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரிக்கு இடமே இல்லாமல் போனது. பார்சி சமூகத்தாரின் விவாகரத்து வழக்குகளில் மட்டும் அதே மாதிரி ஒரு ஏற்பாடு மிச்சம் இருக்கிறது.

இரண்டு வழக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் பத்திரிகைக்காரன் செத்தான், நடிகர்கள் மாட்டினார்கள். இன்னொன்றில் பத்திரிகை தூக்கிப்பிடித்தது, கமாண்டர் தப்பினார். இரண்டிலுமே ஜூரிகள் சொன்னது மேல்கோர்ட்டில் நிற்கவில்லை.

வெண்மணி: ஜூரி இல்லாத தீர்ப்பு

அப்படியானால் நீதிபதி மட்டுமே உட்கார்ந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? டெல்டாக்காரர்கள் இந்தக் கேள்விக்குப் பதில் தேட பம்பாய்க்குப் போக வேண்டாம். கீழ்வேளூர் தாண்டி, தேவூர் பக்கம் போனால் போதும்.

1968-ம் ஆண்டு டிசம்பர் 25-ந்தேதி இரவு. கீழ்வெண்மணி. அப்போது அது ஒன்றுபட்ட தஞ்சை மாவட்டம். விவசாயக் கூலிகள் கூடுதலாக அரைப்படி நெல் கேட்டார்கள். செங்கொடி சங்கத்தில் சேர்ந்திருந்தார்கள். மிராசுதாரர்கள் நெல் உற்பத்தியாளர் சங்கம் என்று ஒன்றை வைத்து, வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து அறுவடை நடத்தினார்கள். மாதக்கணக்கில் நீண்ட பகை அன்றைக்கு ராத்திரி வெடித்தது.

சேரிக்குள் கும்பல் புகுந்தது. உயிருக்குப் பயந்து ஓடியவர்கள் ராமையாவின் குடிசைக்குள் போய்ப் பதுங்கினார்கள். குடிசைக்குத் தீ வைக்கப்பட்டது. உள்ளே இருந்த 44 பேர் கருகிச் செத்தார்கள். அதில் பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். எல்லாரும் தலித் மக்கள்.

நெல் உற்பத்தியாளர் சங்கத் தலைவர் இரிஞ்சூர் கோபாலகிருஷ்ண நாயுடு உள்பட 23 பேர் மீது வழக்கு. 1970-ல் நாகப்பட்டினம் செசன்சு கோர்ட்டு 8 பேருக்கு 10 ஆண்டு தண்டனை கொடுத்தது. மற்ற 15 பேரும் விடுதலை. 1973-ல் சென்னை ஐகோர்ட்டு அந்த 8 பேரையும் விடுதலை செய்தது.

நேரில் பார்த்தோம் என்று கூலித் தொழிலாளிகள் சொன்ன சாட்சியை ஐகோர்ட்டு நம்பவில்லை. அதோடு தீர்ப்பில் ஒரு கருத்து இடம்பெற்றது. குற்றம்சாட்டப்பட்டவர்கள் மிராசுதாரர்கள், பெரும்பாலானவர்கள் வசதி படைத்தவர்கள், அப்படிப்பட்டவர்கள் வேலைக்காரர்களை அனுப்பாமல் தாங்களே நடந்துபோய் வீடுகளுக்குத் தீ வைத்திருப்பார்கள் என்பது நம்பக் கஷ்டமாக இருக்கிறது என்ற அர்த்தத்தில் சொன்னார்கள். முதல் குற்றவாளியிடம் கார் இருந்ததைக்கூடத் தீர்ப்பு குறிப்பிட்டது.

50 வருடம் தாண்டியும் டெல்டாவில் ஆறாமல் இருப்பது அந்த வாசகம்தான். சாட்சி போதவில்லை என்று விடுவித்திருந்தால் அது சட்டம். கார் வைத்திருப்பவர் நடந்து வந்து கொளுத்துவாரா என்பது சட்டமா, அல்லது ஒரு மனிதரைப் பற்றிய நினைப்பா? ஜூரிகளிடம் என்ன கோளாறு என்று சொன்னார்களோ, அதே கோளாறு நீதிபதி நாற்காலியிலும் உட்காரலாம் என்று வெண்மணி காட்டிவிட்டது.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. அதே இரவில் இருக்கை கிராமத்தைச் சேர்ந்த மிராசுதாரர் தரப்பு ஆள் ஒருவரும் கொல்லப்பட்டார். அந்தக் கொலை தனி வழக்காக நடந்தது. அதில் தொழிலாளர் தரப்பினருக்குத் தண்டனை கிடைத்தது, ஆயுள் தண்டனை உள்பட. ஒரே ராத்திரி, இரண்டு வழக்கு. ஒருவர் செத்த வழக்கில் ஆயுள். 44 பேர் செத்த வழக்கில் யாருக்கும் தண்டனை இல்லை. சுப்ரீம் கோர்ட்டு வரை போயும் அது மாறவில்லை.

1980-ம் ஆண்டு டிசம்பரில் கோபாலகிருஷ்ண நாயுடு வெட்டிக் கொல்லப்பட்டார். கோர்ட்டில் தீராத கணக்கு எங்கே போய் முடியும் என்பதற்கு அதுவும் ஒரு பாடம். அதனால் வெண்மணிக்கு நீதி கிடைத்துவிட்டது என்று யாரும் சொல்லிவிட முடியாது.

ஜூரி இருந்திருந்தா?

வெண்மணி வழக்கில் ஜூரி இருந்திருந்தால் நியாயம் கிடைத்திருக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு விஷயத்தை யோசிக்க வேண்டும். அந்தக் காலத்தில் ஜூரி என்றால் யார்? சொத்து உள்ளவர், படித்தவர், பதவியில் இருப்பவர். வயலில் கதிர் அறுக்கிறவரை ஜூரி நாற்காலியில் கூப்பிட்டு உட்கார வைக்கவில்லை. 1970-ல் நாகையில் ஜூரி கூடியிருந்தால் அதில் எத்தனை மிராசுதாரர், எத்தனை அவர்களுடைய சொந்தபந்தம் இருந்திருப்பார்கள்?

அமெரிக்காவிலும் இதே சண்டைதான். 1992-ல் ராட்னி கிங் என்ற கறுப்பரை அடித்த வழக்கில், வீடியோ ஆதாரம் இருந்தும் போலீஸ்காரர்களைத் தண்டிக்க ஜூரி மறுத்தது. லாஸ் ஏஞ்சல்சே பற்றி எரிந்தது. 1995-ல் கால்பந்து வீரர் ஓ.ஜே.சிம்சனை 12 ஜூரிகள் விடுதலை செய்தார்கள். கொலைகாரன் போட்டிருந்த கையுறை என்று சொல்லி, அதை அவர் கையில் மாட்டிக்காட்டச் சொன்னது அரசுத் தரப்பு. அது சரியாக நுழையவில்லை. வழக்கே அங்கே சாய்ந்தது என்று இன்றைக்கும் பேசுகிறார்கள்.

ஆக, தீர்ப்பு சொல்வது 12 பேரா, ஒருவரா என்பது பாதிக் கதைதான். அவர்கள் முன்னால் என்ன ஆதாரம் வைக்கப்படுகிறது, அதை வைக்கிறவர் யார் என்பதில்தான் மீதிக் கதை இருக்கிறது.

அரசு வக்கீல் யாருக்கு வக்கீல்?

பலர் நினைப்பது போல, அரசு வக்கீல் பாதிக்கப்பட்டவரின் வக்கீல் இல்லை. போலீசின் வக்கீலும் இல்லை. எப்படியாவது தண்டனை வாங்கித் தருவதும் அவர் வேலை இல்லை. உண்மையைக் கோர்ட்டு முன் நேர்மையாக வைக்க வேண்டும். குற்றவாளிக்குச் சாதகமான ஆதாரம் இருந்தாலும் மறைக்கக்கூடாது. இதை சுப்ரீம் கோர்ட்டு பல தடவை சொல்லியிருக்கிறது.

ஆனால் அவரை நியமிப்பது மாநில அரசு. செசன்சு நீதிபதியோடு கலந்து பேசி கலெக்டர் பெயர்ப் பட்டியல் தயாரிப்பார். 7 ஆண்டு வக்கீல் அனுபவம் வேண்டும். பட்டியலில் இருந்து அரசு எடுக்கும். ஆட்சி மாறினால் அரசு வக்கீல்களும் மாறுவது நம்ம ஊரில் புதுசு இல்லை. அமெரிக்காவில் பல இடங்களில் ஓட்டுப் போட்டே அரசு வக்கீலைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கே ஓட்டு பயம், இங்கே ஆட்சி பயம்.

அரசு வக்கீல் சறுக்கினால் என்ன ஆகும் என்பதற்கு பெஸ்ட் பேக்கரி வழக்கே போதும். 2002-ல் குஜராத் கலவரத்தில் வதோதராவில் 14 பேர் கொல்லப்பட்டார்கள். சாட்சிகள் வரிசையாகப் பிறழ்ந்தார்கள். 2003-ல் 21 பேரும் விடுதலை. 2004-ல் சுப்ரீம் கோர்ட்டு, அரசு வக்கீல் நடந்துகொண்ட விதத்தைக் கடுமையாகக் கண்டித்து, வழக்கையே மகாராஷ்டிராவுக்கு மாற்றி மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. 2006-ல் மும்பையில் 9 பேருக்கு ஆயுள் தண்டனை. பிறகு 2012-ல் ஐகோர்ட்டு அதில் 5 பேரை விடுவித்து, 4 பேர் தண்டனையை உறுதி செய்தது. அதே சம்பவம்தான். வேறு ஊர், வேறு அரசு வக்கீல் என்றதும் தீர்ப்பு மாறியது.

தமிழ்நாட்டில் கோகுல்ராஜ் வழக்கு. 2015-ல் காதல் சந்தேகத்தில் கடத்திக் கொல்லப்பட்ட தலித் என்ஜினீயர். முக்கிய சாட்சி பிறழ்ந்தார். அரசு வக்கீலை மாற்றக் கேட்டு கோகுல்ராஜின் தாய் விடாமல் போராடினார். சிறப்பு அரசு வக்கீல் மாறினார். வழக்கும் நாமக்கல்லில் இருந்து மதுரைக்கு மாறியது. சாட்சி பிறழ்ந்தாலும் கோவில் கேமரா பதிவு பிறழவில்லை. 2022-ல் 10 பேருக்கு ஆயுள் தண்டனை. 2023-ல் ஐகோர்ட்டு 8 பேரின் ஆயுள் தண்டனையை உறுதி செய்து, 2 பேருக்குத் தண்டனையைக் குறைத்தது.

கும்பகோணம்: 10 வருடக் காத்திருப்பு

2004-ம் ஆண்டு ஜூலை 16-ந்தேதி. கும்பகோணம் பள்ளித் தீயில் 94 பிஞ்சுகள் கருகின. சம்பவம் நடந்தது பட்டப்பகலில். கட்டிடம் எப்படி இருந்தது, கூரை எதனால் போட்டிருந்தது, எல்லாம் ஊரே பார்த்த சங்கதி. ஆனாலும் தஞ்சை கோர்ட்டில் தீர்ப்பு வந்தது 2014 ஜூலை 30-ந்தேதி. பத்து வருடம்!

21 பேரில் 10 பேருக்குத் தண்டனை, 11 பேர் விடுதலை. பள்ளி நிறுவனருக்கு ஆயுள். விடுதலை ஆனவர்களில் அதிகாரிகளும் இருந்தார்கள். 'கூரைக் கொட்டகைக்கு அனுமதி கொடுத்தவங்களை விட்டுட்டு என்ன தீர்ப்பு?' என்று பெற்றோர் கோர்ட்டு வாசலில் கதறினார்கள். 2017-ல் ஐகோர்ட்டு மதுரைக் கிளை, நிறுவனர் அதுவரை ஜெயிலில் இருந்த காலமே போதும் என்று தண்டனையைக் குறைத்தது. மேலும் சிலர் விடுதலை ஆனார்கள்.

94 குழந்தைகளின் படத்தைப் பார்த்து ஒரு ஜூரி தீர்ப்பு சொல்லியிருந்தால், 21 பேரையும் தண்டித்திருக்கும் என்று சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் அதில் தப்பு செய்யாத ஒருவரும் சேர்ந்து உள்ளே போயிருப்பார். பாகவதர் போன மாதிரி. கோபம் நியாயமாக இருக்கலாம். அதற்காகக் கோபமே தீர்ப்பு ஆகிவிட முடியாது.

சாமானியன் என்ன செய்யலாம்?

வெண்மணி காலத்தில் இல்லாத சில கதவுகள் இன்றைக்குத் திறந்திருக்கின்றன. தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

* அப்பீல் உரிமை: முன்பெல்லாம் குற்றவாளி விடுதலை ஆனால் அரசு நினைத்தால்தான் அப்பீல். 2009 டிசம்பர் 31-ந்தேதி முதல், பாதிக்கப்பட்டவரே நேரடியாக அப்பீல் போகலாம். 2024 ஜூலை 1-ந்தேதி அமலுக்கு வந்த புதிய சட்டத்திலும் (பி.என்.எஸ்.எஸ்., பிரிவு 413) இந்த உரிமை தொடர்கிறது. செத்துப்போனவரின் குடும்பத்தாருக்கும் உண்டு.

* சொந்த வக்கீல்: அரசு வக்கீலுக்குத் துணையாக, கோர்ட்டு அனுமதியோடு தங்கள் வக்கீலை வைத்துக்கொள்ளலாம். விசாரணை முடிவில் எழுத்து மூலம் வாதம் கொடுக்கலாம்.

* வன்கொடுமை வழக்கு: எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமை வழக்குகளில், பாதிக்கப்பட்டவர் விரும்பினால் மூத்த வக்கீல் ஒருவரை நியமிக்கச் சொல்லி கலெக்டரிடம் மனு கொடுக்க விதி இருக்கிறது.

* சாட்சிக்குப் பாதுகாப்பு: 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு ஏற்ற சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது. மிரட்டல் வந்தால் மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் மனு போடலாம். வீட்டுக்குக் காவல் கேட்கலாம், அடையாளத்தை மறைக்கச் சொல்லலாம்.

* மாஜிஸ்திரேட்டு முன் வாக்குமூலம்: போலீசிடம் சொன்னதைவிட இதற்கு மதிப்பு அதிகம். பிறகு பணத்துக்கோ பயத்துக்கோ மாற்றிச் சொன்னால் கேள்வி வரும்.

* பணம் இல்லையா? மாவட்ட கோர்ட்டு வளாகத்தில் உள்ள இலவச சட்ட உதவி மையத்துக்குப் போகலாம். 15100 என்ற கட்டணமில்லா எண்ணிலும் பேசலாம்.

இதெல்லாம் பேப்பரில் இருக்கிறது. கேட்டு வாங்கினால்தான் கைக்கு வரும். கோகுல்ராஜின் தாய் கேட்டார், கிடைத்தது. வெண்மணி மக்களுக்குக் கேட்கவே வழி இல்லாமல் இருந்தது.

இன்றைக்கும் ஒவ்வொரு டிசம்பர் 25-ந்தேதியும் கீழ்வெண்மணி நினைவிடத்துக்குச் சனங்கள் வருகிறார்கள். ஊர்வலம், கொடியேற்றம், அஞ்சலி. 44 பேர் பெயரும் அங்கே கல்லில் இருக்கிறது. அவர்களைக் கொளுத்தியது யார் என்பது மட்டும் எந்தக் கோர்ட்டு தீர்ப்பிலும் இல்லை.